சாயச்சாலை மாணவர்களும் உடல்நலமும்

நெசவாளர் சங்கங்களின் வளர்ச்சியில் சாயச்சாலைக்கு உள்ள இடத்தை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூல் எத்துணை நயமாயினும், நெசவு எத்துணைச் செம்மையாயினும், முதல் சலவையிலேயே கரையின் நிறம் உடலில் இறங்குமாயின் அச்சேலையை வாங்கியவர் மறுமுறை நம் விற்பனை நிலையத்தின் படியேறமாட்டார். ஆகவேதான் அங்கத்தினர்களின் மக்கள் சாயத் தொழிலை முறையாகப் பயிலவேண்டுமென்று சங்கங்கள் விரும்புகின்றன. சேலத்தில் 1960-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் போன்ற கல்விக்கூடங்களில் சேர்ந்து பயில்வோரும் உளர். சங்கத்துச் சாயச்சாலையிலேயே மேஸ்திரியின் அருகில் நின்று கற்பவரும் உளர். இவ்விருசாராரின் உடல்நலம் பற்றியே இங்குச் சில கூற விழைகின்றோம்.

முதலில் நம்முடைய பிழையொன்றைச் சொல்லிவிடுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளை நாம் பார்வையிட்டபோது, பயிற்சி மாணவர்களுக்கென்று ரப்பர்க் கையுறைகள் வாங்கியதற்கான பற்றுச்சீட்டு ஒன்று கண்ணிற்பட்டது. திட்ட மதிப்பீட்டில் அச்செலவுக்கு இடமில்லை. எனவே ஆட்சேபணை எழுதினோம். மறு ஆண்டு அதே சாயச்சாலைக்குச் சென்றோம். இருப்புப் பதிவேட்டிலிருந்த சாயம் தராசில் சரியாக நின்றது. அவ்வேளையில் சிவப்புச் சாயத்தை நிறுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தும்மினாள். வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். கைக்குட்டை சிவந்துவிட்டது. இரத்தமோ என்று பதறினோம், அது சாயப்பொடி. பிறகு அவள் குழாயடிக்குச் சென்று, பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோஸும் மாறிமாறித் தேய்த்து விரல்களை வெளுக்கலானாள். தோல் வெடித்து ஓரங்கள் புண்ணாகியிருந்தன. கையுறை இல்லையா என்று வினவினோம். “போன வருஷம் வாங்கினாங்க சார், ஆடிட்டுல எழுதிட்டாங்களாம், அதோட நிறுத்திட்டாங்க” என்றாள். எழுதியவர் யாரென்பதை அவள் அறியாள்.

அன்று முதல் இப்பொருளைப் பற்றி மருத்துவர்களிடமும், சாய ஆசிரியர்களிடமும், முதிய மேஸ்திரிகளிடமும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே அங்கத்தினர்முன் வைக்கின்றோம்.

சாயம் ஏறிய கை

சாயச்சாலைகளில் நெடுங்காலமாக ஓர் எண்ணம் நிலவுகின்றது. முழங்கைவரை நீலமேறிய கையே தொழில் தெரிந்த கை என்பது அது. புதிதாக வரும் மாணவன் மேஸ்திரியின் கையைப் பார்க்கின்றான். அவர் வெறுங்கையால் நூற்சிட்டத்தைப் புரட்டுகின்றார். சாயநீரை விரலால் தொட்டுச் சூடு பார்க்கின்றார். கையுறை கேட்டால் தன்னைக் கோழையென்று எண்ணுவரோ என்று மாணவன் அஞ்சுகின்றான். முதல் மாதத்தில் படியும் இப்பழக்கம் பின்னர் ஆயுள் முழுதும் மாறுவதில்லை.

இவ்வெண்ணம் தவறென்பதைச் சாயத்தின் தன்மையே காட்டும். 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். சரியாக நூறாண்டு கழித்து, 1956-இல், ரியாக்டிவ் என்று நாம் வழங்கும் சாயவகை விற்பனைக்கு வந்தது. இச்சாயம் பருத்தி இழையோடு இரசாயன முறையில் பிணைந்து நிற்பதனாலேயே சலவைக்குக் கரைவதில்லை. அதே பிணைப்பு நம் உடலின் புரதத்தோடும் நேர்கின்றது. தோலில் ஏறினால் சோப்புக்குப் போவதில்லை. மூச்சுக்குழலுட் சென்றால் அங்குள்ள புரதத்தோடு கூடி, உடல் அதனைப் பகைப்பொருளாக எண்ணி எதிர்க்கத் தொடங்குகின்றது. நூலில் எந்தக் குணத்தை விரும்பி விலைகொடுத்து வாங்குகின்றோமோ, அக்குணமே உடலுக்குத் தீங்காகின்றது.

பொடியே முதற் பகை

சாயச்சாலையில் அபாயம் எங்கேயென்று மாணவரைக் கேட்டால், கொதிக்கும் தொட்டியைக் காட்டுவர். தொட்டியின் அபாயம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் விலகி நடக்கின்றனர். ஆனால் நிறுக்கும் மேசையின் அபாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீரில் கரைந்த பின் ரியாக்டிவ் சாயத்தை மூச்சில் இழுக்க வழியில்லை. உலர்ந்த பொடியாக இருக்கும் சில நிமிடங்களே தீங்கு விளைப்பவை.

இப்பொடியால் ஆஸ்துமா வருவதை 1970-களிலிருந்து மருத்துவர்கள் எழுதி வந்துள்ளனர். அது வரும் விதத்தை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். பல வாரங்களோ மாதங்களோ ஒன்றும் நேராது. பிறகு மூக்கில் நீர் வடிதல், தும்மல், கண்ணரிப்பு ஆகியன தோன்றும். அதன்பின் மார்பு இறுகி, மூச்சு வாங்கும். சில சமயம் வேலை செய்யும்பொழுதின்றி, வீடு சென்ற பின் இரவில் இருமல் வருவதால் சாயத்தின்மீது ஐயமெழுவதில்லை. சளி என்று கஷாயம் குடித்து நாட்களைக் கடத்துவர். விடுமுறை நாட்களில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீளும் இருமலாயின் அது சாயத்தால் வந்ததாக இருக்கலாமென்று கருதி உடனே மருத்துவரைக் காண்பதே அறிவுடைமை. இந்த ஒவ்வாமை ஒருமுறை வேரூன்றிவிடின், பிறருக்கு ஒன்றும் செய்யாத சிறிதளவு பொடியும் அம்மாணவருக்கு மூச்சுத் திணறலை வரவழைக்கும். அவர் அச்சாயத்தை விட்டே விலகவேண்டி நேரும். கற்ற தொழில் கைவிட்டுப் போகும்.

இதைத் தடுக்கும் வழி எளியது. நிறுக்குமிடத்தில் மின்விசிறி சுழலலாகாது; சன்னல் காற்று மேசைமேல் வீசலாகாது. தராசின் கீழ் ஈரத்துணி விரிக்க வேண்டும். முன்புறம் மட்டும் திறந்த ஒரு மரப்பெட்டியினுள் தராசை வைத்துக்கொள்வது இன்னும் நன்று. நம் தறி ஆசாரியே அதைச் செய்து தருவார். டப்பாவைச் சாய்த்துக் கொட்டாமல், கரண்டியால் மெல்ல எடுத்தல் வேண்டும். நிறுத்தவுடன் சிறிது நீர் விட்டுக் குழைத்துவிட்டால் பொடி எழாது. சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மேல்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது நுண்பொடியைத் தடுக்காது. 2020-ஆம் ஆண்டுத் தொற்றின்போது எல்லோரும் அறிந்துகொண்ட என்-95 வகை முகக்கவசம், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துமாயின், பொடியைத் தடுக்கும். ஆயினும் அது நெடிகளையும் வாயுக்களையும் தடுக்காது என்பதை மறத்தலாகாது.

காரமும் ஹைட்ரோஸும்

வாட் சாயம் போடும் சாலைகளில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் இன்றியமையாதவை. காஸ்டிக் சோடா நீரில் கரையும்போது பெருஞ்சூடு எழும். ஆதலின் குளிர்ந்த நீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் காரத்தைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்க வேண்டும். காரத்தின்மீது நீரை ஊற்றினாலோ, வெந்நீரில் காரத்தைக் கொட்டினாலோ கொதித்துத் தெறிக்கும். அமிலத்துக்கும் இதே முறைதான். நீரில் அமிலம் சேரவேண்டும், அமிலத்தில் நீர் சேரலாகாது.

காரம் கண்ணில் தெறித்தால் விழிப்படலத்தை ஊடுருவி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். அப்பொழுது மாணவர் செய்ய வேண்டுவது ஒன்றே. இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடமாவது, இயன்றால் அதற்கு மேலும் கழுவ வேண்டும். அதன் பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். காரத்தை முறிக்கிறோமென்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுதல் பெருந்தவறு. காரம் கரைக்கும் இடத்துக்குப் பத்தடிக்குள் ஒரு குழாயும், மாணவர் கண்ணில் கண்ணாடிக் கவசமும் இல்லாத சாலையில் காரப்பாடம் நடத்தலாகாது என்பது நம் கருத்து.

ஹைட்ரோஸின் குணம் வேறு. ஈரம் சிறிது பட்டாலே அது தானாகச் சூடேறி எரியத் தொடங்கும்; கந்தக நெடியும் எழும். ஈரக்கையோடு எடுத்த கரண்டி, கூரை ஒழுக்கின் கீழ் வைத்த டிரம், சிந்தியதை அள்ளி மீண்டும் டிரம்மில் போடும் சிக்கனம் ஆகியவற்றாலேயே தீ பிறக்கும். டிரம் சுடுமாயின் சொம்புத் தண்ணீர் தெளிப்பது தீயை மேலும் வளர்க்கும். மாணவர் அனைவரும் வெளியேறிக் காற்று வரும் திசையில் நின்று தீயணைப்பு நிலையத்தாருக்குத் தெரிவித்தலே தகும்.

சேரலாகாத பொருள்கள்

சாயச்சாலையில் தனித்தனியே இருக்கும்வரை அடங்கியிருந்து, ஒன்றோடொன்று சேர்ந்தால் நஞ்சாகும் பொருள்கள் சில உள. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். ஹைட்ரோஸோடு அமிலம் சேர்ந்தால் கந்தக வாயு எழும். கந்தகக் கறுப்புக்கு வழங்கும் சோடியம் சல்பைடு கலந்த நீரில் அமிலம் விழுந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு பிறக்கும். இக்கடைசி வாயு மிகக் கொடியது. அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் அபாயம் நீங்கிற்றென்று எண்ணி உள்ளே நிற்பவர் மயங்கி விழுவார். கழிவுத் தொட்டியில் இறங்கி விழுந்தவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே மாண்ட துயரங்கள் நம் நாட்டில் பலமுறை நேர்ந்துள்ளன. எக்காரணத்தாலும் மாணவரைத் தொட்டி சுத்தம் செய்ய இறக்கலாகாது.

பொருள்களை வைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. காஸ்டிக் சோடா வில்லைகள் சிறு கற்கண்டு போன்றிருக்கும். நாப்தால் சாயத்துக்கு வழங்கும் சோடியம் நைட்ரைட் சமையலுப்பைப் போன்றிருக்கும். உண்டால் உயிரையே மாய்க்கும். குடிநீர்ப் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் கரைசல்களை ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே ஒழிக்க வேண்டும். சாயமளந்த தம்ளர் தேநீருக்கும், சாயம் காய்ச்சிய பாத்திரம் சோற்றுக்கும் திரும்பலாகாது. சாப்பாட்டுத் தூக்கு சாயச்சாலைக்குள் வரவே கூடாது.

நெடுநாள் கழித்துத் தோன்றும் தீங்கு

சில தீங்குகள் பயிற்சிக் காலத்தில் தெரிவதில்லை. 1895-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தோன்றியதைக் கண்டு வெளியிட்டார். பென்சிடின் போன்ற மூலப்பொருள்களே அதற்குக் காரணமென்று பின்னர் நிறுவப்பட்டது. நோய் வெளிப்பட இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். பென்சிடினிலிருந்து செய்த சில சாயங்கள் உடலினுள் சென்றபின் மீண்டும் அம்மூலப்பொருளாகவே பிரிகின்றன. 1884-இல் கண்டறியப்பட்ட காங்கோ ரெட் இவ்வகையில் முதலாவது. நம் அரசாங்கம் 1990-களில் பிறப்பித்த ஆணைகளால் இத்தகைய சாயங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தடை செய்துள்ளது.

தடையிருக்கும்போது அச்சமேன் என்று கேட்கலாம். பெயர்ச்சீட்டில்லாப் பொட்டலங்களில் உதிரியாக வாங்கும் சாயத்திலேதான் அச்சமுள்ளது. உள்ளிருப்பது எதுவென்று விற்பவரும் அறியார். பதினெட்டு வயதில் அப்பொட்டலத்தைக் கையாளும் மாணவர், அதன் விளைவைக் காணும்போது குடும்பம் தாங்கும் வயதில் இருப்பார். ஆகவே உற்பத்தியாளர் பெயரும், சாயத்தின் முழுப்பெயரும், பாதுகாப்புத் தகவல் தாளும் இல்லாத சாயத்தைச் சங்கம் வாங்கலாகாது. ஆண்டாண்டாக அலமாரியின் மூலையில் கிடக்கும் பெயரறியாத பழம்பொட்டலங்களைப் பயிற்சிக்கென்று மாணவரிடம் தள்ளும் வழக்கமும் ஒழியவேண்டும். இருப்பைத் தீர்க்கும் சிக்கனம் அதில் இல்லை.

இயற்கைச் சாயம் பற்றி ஒரு சொல்

சாயச்செடி பயிரிடும் அங்கத்தினர்களும் இவ்விதழைப் படிக்கின்றனர். அவுரியும் மஞ்சளும் சாயவேரும் நம் மண்ணின் செல்வங்கள். சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகள் சாயவேரால் புகழ்பெற்றவை. இயற்கைச் சாயம் என்பதாலேயே காவல் வேண்டுவதில்லை என்று மாணவர் எண்ணிவிடுதல் தவறு. படிகாரமும் கடுக்காயும் கொண்டு நிறம் பிடிக்க வைப்பதில் பெருந்தீங்கில்லை. ஆனால் நிறத்தை மாற்ற மயில்துத்தமோ பொட்டாசியம் டைகுரோமேட்டோ சேர்ப்பாரும் உளர். டைகுரோமேட் தோலில் ஆழ்ந்த புண்களை உண்டாக்குவதோடு, புற்றுநோய்க்கும் காரணமாவது. அதனைப் பயிற்சியில் விலக்கிவிடுதலே நன்று. அவுரித் தொட்டியிலும் இன்று பெரும்பாலும் காரமும் ஹைட்ரோஸுமே வழங்குவதால், முன்சொன்ன காவல்கள் யாவும் அதற்கும் பொருந்தும்.

கழிவுநீரையும் இங்கே நினைத்தல் வேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, உழவர் நீதிமன்றம் சென்றதும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டதும் யாவரும் அறிந்தவை. மாணவர் கொட்டும் ஒரு வாளி சிறிதே. ஆயினும் நிறுத்து அளந்து, வேண்டிய அளவே கரைக்கக் கற்ற மாணவர் நாளைக்கு ஒரு சாலையையே நடத்துவார். அவருடைய பழக்கமே அண்டைக் கிணற்றின் நீராகும்.

வெப்பமும் கையுறையும்

“இந்த வெக்கையிலே எப்படிங்க கையுறை போடறது?” என்று மேஸ்திரிகள் கேட்பதில் நியாயமுண்டு. நம் கோடையில் கொதிதொட்டியருகே ரப்பர்க் கையுறைக்குள் வியர்வை ஊற்றெடுக்கும். ஊறிய தோலில் சாயம் உட்புகின் புண் விரைவில் வரும். எனவே கையுறை வாங்கித் தருவதோடு கடமை முடிவதில்லை. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணியலாம். ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுத்து ஒன்று உலரும்போது மற்றதை வழங்கலாம். தொட்டியருகே நிற்பதை அரைமணிக்கொருமுறை மாற்றிவிடலாம். கையுறை முழங்கைவரை நீண்டிருத்தல் வேண்டும். நாள்தோறும் அதனுள் நீர் நிரப்பிப் பார்த்து, ஒழுகுவதை எறிந்துவிட வேண்டும்; ஓட்டைக் கையுறை வெறுங்கையினும் தீது. வளையல், மோதிரம் களைந்து, கூந்தலை முடிந்து, முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். ஈரத்தரையில் வெறுங்காலும் ரப்பர்ச் செருப்பும் வழுக்கும். மூடிய காலணி வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் கையில் நிறம் ஏறுமாயின், சோப்பும் நீரும் இட்டுக் கழுவிவிட்டு அப்படியே விட்டுவிடுக. தோல் உதிர நிறமும் சில நாட்களில் நீங்கும். பிளீச்சிங் பவுடர் நூலை வெளுப்பதற்கு. கையை வெளுப்பதற்கு அன்று.

சங்கங்களின் கடமை

துணி அச்சிடுதலையும் சாயமிடுதலையும் குழந்தைகள் செய்யலாகாத தொழில்களின் பட்டியலில் 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் சேர்த்தது. அந்த எச்சரிக்கையை வீட்டுச் சாயத் தொட்டிகளிலும் நாம் மதித்தல் வேண்டும். வயது வந்த மாணவரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்.

1. ஒவ்வொரு மாணவருக்கும் கையுறை இரண்டு ஜோடி, கண்கவசம், முகக்கவசம், மேலங்கி ஆகியவற்றைச் சாயம் வாங்கும் மதிப்பீட்டிலேயே சேர்த்தல். அவற்றையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுதல்.

2. பெயர்ச்சீட்டும் பாதுகாப்புத் தகவல் தாளும் இல்லாத சாயத்தை வாங்காதிருத்தல்.

3. நிறுக்குமிடத்தைத் தனியாக்கி, காரம் கரைக்குமிடத்தருகே குழாய் அமைத்தல்.

4. அமிலம், பிளீச்சிங் பவுடர், ஹைட்ரோஸ் ஆகியவற்றைத் தனித்தனி அலமாரிகளில் பூட்டி வைத்தல்.

5. பயிற்சிக்கு முன்னும், ஆண்டுக்கொருமுறையும் மாணவரின் மூச்சையும் தோலையும் மருத்துவரைக் கொண்டு பார்த்தல்.

6. மேஸ்திரியும் ஆசிரியரும் முதலில் கையுறை அணிந்த பின்னரே பாடத்தைத் தொடங்குதல்.

இவற்றுள் ஆறாவதே மற்ற ஐந்தையும் நடைமுறைக்குக் கொண்டுவரும். மாணவர் பலகையில் எழுதியதைப் படிப்பதினும் மேஸ்திரியின் கையைப் பார்த்தே கற்கின்றனர். மூத்தவர் அணிந்தால் இளையவர் நாணமின்றி அணிவர்.

மதிப்பீட்டில் இடமில்லை என்று இனி எந்த ஆய்வாளரும் ஆட்சேபணை எழுதாதிருக்க வேண்டுமாயின், தீர்மானம் முறையாகப் பதிவாகியிருத்தல் வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்களே இதனை எழுப்பலாம். தம் மகனோ மகளோ சாயம் பயில்வாராயின் எழுப்பியே தீர வேண்டும். நாம் பார்வையிடச் செல்லும் சாலைகளில் இப்போது சாயத்தை நிறுத்துப் பார்த்த பின் கையுறைகளையும் எண்ணிப் பார்க்கின்றோம். அவை குறைவாயிருப்பின் அதனையே குறையாக எழுதுகின்றோம்.